டேப்பின் மறுமுனை

ஓட்டுநர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் கார் ஷெட்டைத் தச்சுப் பட்டறையாக்க முனைந்தார். மனைவிக்கு அதில் அரை மனம்தான். ஆனாலும் அன்று மாலை டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அவர் தரையில் குனிந்து, இழைப்பு மேசைக்கும் மர அலமாரிக்கும் சாக்பீஸால் கோடு போட்டார். "பிடி" என்றால் டேப் நீளும். "விடு" என்றால் சரக்கென்று சுருண்டு வரும். வேலை மளமளவென்று நடந்தது.

கடைசியாக ரம்ப மெஷின். அதை ஜன்னலோரம் வைப்பதாக முடிவு செய்திருந்தார். கோடு போட்டுவிட்டு "ஆச்சு, விடு" என்றார். டேப் வரவில்லை.

"அடியே, விடுன்னா விடேன்."

"யார்கிட்ட பேசறீங்க?"

மனைவி காய்கறிப் பையோடு வாசலில் நின்றாள்.

"கடைக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தானே போனேன். காதுல விழலையா?"

அவர் நிமிர்ந்தார். ஜன்னலோரம் யாருமில்லை. டேப் மட்டும் விறைப்பாக நீண்டிருந்தது. அதன் நுனி, ஒரு சின்னப் பிள்ளையின் இடுப்பு உயரத்தில், அந்தரத்தில் நின்றது.

"கையை எடுத்துடுங்க."

"எடுத்தா அந்தப் பக்கம் போயிடுமே."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் கையைப் பற்றிக்கொண்டாள். அவளே ஜன்னலைப் பார்த்து, "போதும் கண்ணு, விட்டுடு" என்றாள்.

டேப் சரக்கென்று சுருளவில்லை. நுனியை விடாமல் பிடித்தபடி யாரோ நடந்து வருவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிக்கொண்டு அவர்களை நோக்கி வந்தது.