கண்டலை விட்டு வராத பூச்சி

கிண்ணியாவில் விஞ்ஞானம் படிப்பித்த கலீலுர் றஹ்மான், கடலேரிக் கரையின் கண்டல் மரங்களில் மட்டும் வாழும் ஒரு சின்ன அந்துப்பூச்சியைச் சேகரித்துவந்தார். அது விரல் நகமளவுதான் இருக்கும். சாம்பல் நிற இறக்கையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடு ஓடும். பிடித்த இடத்தையும் திகதியையும் துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டுவது அவர் மனைவி பரீனா.

1957இல் காய்ச்சல் வந்து பரீனா இறந்தாள். ஊர் மையவாடியில் அடக்கினார்கள். அதன்பிறகு றஹ்மான் பூச்சி பிடிக்கவில்லை, பெட்டியைத் திறக்கவுமில்லை.

இரண்டு வருடம் கழித்து, பூச்சிகளை ஆராயும் கனகசிங்கம் கொழும்பிலிருந்து வந்து அந்தப் பெட்டியைத் திறந்தார். கடைசிப் பூச்சியில் அவர் பார்வை நின்றது.

"மாஸ்டர், இதில மையவாடி எண்டு கிடக்கு. இது கண்டலை விட்டு வராதே."

றஹ்மான் குனிந்து பார்த்தார். பரீனாவின் கையெழுத்து. திகதி, பெட்டியைத் திறந்த அந்த நாளின் திகதி.

"ஆர் எழுதினது?"

"என்ட பொஞ்சாதி, சேர்."

"அவவை ஒருக்காக் கூப்பிடுங்கோவன். எங்க பிடிச்சவ எண்டு கேட்பம்."

"தேத்தண்ணி ஆறுது சேர், குடிங்க."

மற்றப் பூச்சிகளையெல்லாம் கனகசிங்கத்திடம் கொடுத்தனுப்பினார். அந்த ஒன்றைக் கொடுக்க அவருக்கு ஏலவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் காகிதத்தைத் தடவினார். மை காய்ந்திருக்கவில்லை. பெருவிரலில் நீலமாக ஒட்டிக்கொண்டது.

மஃரிபுக்குப் பாங்கு கேட்டது. தொழுகைக்குக் கை கழுவ வேண்டும். கிணற்றடியில் நிறைந்த வாளிக்கு முன்னால், கையை மூடிக்கொண்டு அவர் நின்றார்.