மூடி போடாத மானிட்டர்

"இன்னுமா அது சரியாகல?"

ஷூவுக்குள் காலை நுழைத்தபடியே கேட்டான் அவன்.

முன்னறை மேஜையில் அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் முதுகு மூடி இல்லாமல் கிடந்தது. பின்னால் பானை மாதிரி துருத்திக்கொண்டிருக்குமே, அந்தக் காலத்துக் கண்ணாடிக் குழாய் மானிட்டர்.

"பழைய சாமான். அவசரப்பட்டா ஆகுமா? பார்த்துத்தான் கை வைக்கணும்," என்றாள் மனைவி, மோதிரத்தைக் கழற்றி ஓரமாக வைத்தபடி.

டிவி, ரேடியோ, ஸ்பீக்கர், எது வந்தாலும் ஒரே நாளில் உயிர் கொடுத்துவிடுவாள். தெருவே அவளைத் தேடி வருகிறது. சொந்த மாமனாரின் மானிட்டர் மட்டும் வாரக்கணக்கில் கிடப்பில்!

படம் விரியாமல் நடுவில் ஒற்றைக் கோடாகச் சுருங்கிப்போகிறது. கோளாறு அவ்வளவுதான்.

அம்மா போன பிறகு அப்பாவுக்கு அதுதான் துணை. கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்க அதில் செஸ் ஆடுவார். யாரோடும் பேச்சில்லை. கேட்டால் ஒரு 'ம்', இல்லாவிட்டால் 'ம்ஹூம்'. புதுசு வாங்கித் தருகிறேன் என்றாலும், "எனக்கு அதுதான் பழக்கம்" என்று ஒரே பிடிவாதம்.

இப்போது பாவம், மருமகள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கொஞ்சம் இடது பக்கம் காட்டுங்க. இன்னொரு கையைப் பின்னால வெச்சுக்குங்க, எதையும் தொட வேண்டாம்."

"சரிம்மா."

ஒரு ஆபீசையே ஆட்டிப் படைத்த மனுஷன், எடுபிடி மாதிரி!

அவனுக்குச் சுருக்கென்றது. கல்யாணமான புதிதில் அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. 'மருமக கரண்ட்டு வேலை பார்த்தா நல்லாவா இருக்கு?' அன்றைக்கு முகம் வாடி நின்றவள், இன்றைக்குப் பழி தீர்க்கிறாளோ?

ஆபீசில் உட்கார்ந்தும் வேலை ஓடவில்லை. தலைவலி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மதியமே கிளம்பினான்.

வாசலில் ஷூச் சத்தம் கேட்காமல் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். அப்பா சாப்பிட்டுவிட்டு அறையில் படுத்திருந்தார் போல. அவள் மட்டும்தான் இருந்தாள்.

மானிட்டரில் செஸ் பலகை பளிச்சென்று தெரிந்தது. முழுப் படம்! கோடுமில்லை, கோணலுமில்லை.

அவள் அதை அணைத்தாள். கரண்ட் ஒயரை உருவிச் சுருட்டித் தன் கைப்பைக்குள் போட்டாள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒயர் கட்டிய நீள ஸ்க்ரூடிரைவரை, கண்ணாடிக் குழாய் மேல் இருந்த ரப்பர் மூடிக்கு அடியில் மெல்ல நுழைத்தாள்.

'பட்!'

அவன் உள்ளே பாய்ந்து அடிக்குரலில் சீறினான். "நல்லாத்தானே இருக்கு! எதுக்கு மறுபடியும் கெடுக்கிற? எங்கப்பா உனக்கு அப்படி என்ன பாவம் பண்ணார்?"

"ஷ்ஷ்! மாமா காதுல விழப்போகுது. நான் ஒண்ணும் கெடுக்கல. பிளக்கை உருவினாலும் இதுக்குள்ள கரண்ட்டு தேங்கி நிக்கும். ஆளையே தூக்கி அடிக்கும். அதை இறக்கிவிட்டேன்."

"அப்ப மூடியைப் போட்டு அவர்கிட்ட கொடுக்க வேண்டியதுதானே? ஒயரை ஏன் ஒளிச்சு வைக்கிற?"

அவள் அவன் கையைப் பிடித்துச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினாள். "இங்கேயே நில்லுங்க. என்ன நடந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது."

பிறகு உரக்கக் குரல் கொடுத்தாள். "மாமா, பாப்பாவை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்துடறேன்!"

கேட் சாத்தும் சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் அப்பாவின் அறைக்கதவு திறந்தது.

தெருவை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். கண்ணாடியை மாட்டினார். மானிட்டருக்குள் கையை விட்டு, செம்புக் கம்பிச் சுருளிலிருந்து வரும் சின்ன பிளக் ஒன்றை லாகவமாகப் பிடுங்கிவிட்டார். வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.



மகளோடு மனைவி திரும்பி வந்ததும், அப்பா கொட்டாவி விட்டபடி எழுந்து வந்தார். "என்னம்மா, இன்னைக்காவது படம் வருதா?"

"தள்ளி நில்லுங்க மாமா, ஒயரைச் செருகிப் போட்டுப் பார்க்கிறேன்… அட, மறுபடியும் கோடுதான்!"

"அடடா! சரி, அதை அணை. நிதானமாப் பார்ப்போம், இப்ப என்ன அவசரம்?" ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "உங்க அத்தை ஒரு தடவை ரேடியோவை ரிப்பேர் பண்றேன்னு என்ன பண்ணா தெரியுமா…"

பேத்தி சிரிக்க, மருமகள் சிரிக்க, அப்பாவும் சிரித்தார். அம்மா போன பிறகு அந்தச் சிரிப்பை அவன் கேட்டதே இல்லை.

தண்ணீர் எடுக்க அவள் சமையலறைக்கு வந்தபோது தாழ்ந்த குரலில் கேட்டான். "உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் தடவை சரி பண்ணின மறுநாளே."

"அப்பவே மூடியைப் போட்டு முடுக்கியிருந்தா அவரால பிடுங்க முடியாதே?"

"அப்புறம் எதைச் சாக்கு வெச்சு நம்மகிட்ட வந்து உட்காருவார்?" என்றாள் அவள். "பிடுங்கற கைக்கு ஷாக் அடிக்கக் கூடாது. நான் தினம் பார்க்கிற ரிப்பேர் அது ஒண்ணுதாங்க."