சுவரெல்லாம் ஜெயக்கொடி

"சிவப்புலயே எழுதுப்பா. அதுதான் எடுப்பா இருக்கும்."

"எடுப்பா இருக்கும்ணே, ஆனா தூரத்துக்கு எட்டாது," என்றார் சத்தியசீலன். "சுவத்துக்குக் கறுப்பு அடிச்சு, மேல மஞ்சள்ல எழுதுறேன். வைகைக்கு அந்தக் கரையில நின்னாலும் உங்க பேரு தெரியும்."

வெள்ளைக்காரன் காலத்து முனிசிபல் தேர்தல் அது. செல்லூரில் தறிப்பட்டறை வைத்திருந்த ஜெயக்கொடி நின்றார். எதிர்த்து நின்றவர் மரக்கடை மருது. வார்டில் இருந்த நல்ல சுவர்களையெல்லாம் ஜெயக்கொடி முதலிலேயே பேசி வளைத்துவிட்டார். அவற்றில் பெயர் எழுத வந்தவர்தான் போர்டு எழுதுகிற சத்தியசீலன்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் படித்த மனுஷர். எழுத்து என்றால் பைத்தியம். காப்பி கிளப் போர்டில் இரண்டு எழுத்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றால் அவருக்குக் காப்பி இறங்காது. திண்டுக்கல் போகிறேன் என்று கிளம்பி, ஸ்டேஷன் பெயர்ப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ரயிலை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

"உனக்கு என்னப்பா வேணும், கேளு," என்றார் ஜெயக்கொடி.

"ஒண்ணே ஒண்ணுதாண்ணே. நீங்க ஜெயிச்சா, வார்டுல ஒவ்வொரு தெரு முக்குலயும் பேர்ப்பலகை வைக்கணும். அம்புட்டையும் நான்தான் எழுதணும்."

செல்லூர்ச் சந்துகளில் அப்போது பெயர்ப்பலகையே கிடையாது. தபால்காரரே வழி கேட்டுத்தான் போவார். எந்தத் தெருப் பெயரை எவ்வளவு உயரத்தில், எவ்வளவு இடைவெளி விட்டு எழுத வேண்டும் என்று பத்து வருஷமாக நோட்டில் போட்டுப் போட்டுப் பார்த்து வைத்திருந்தார் சத்தியசீலன். கேட்கத்தான் ஆள் இல்லை.

"முத வேலையே அதுதான்," என்று வாக்குக் கொடுத்தார் ஜெயக்கொடி.

போதாதா? மறுநாளே ஏணியைத் தூக்கிவிட்டார். ஓர் எழுத்து எழுதுவார், இறங்கி ரோட்டைத் தாண்டி நின்று பார்ப்பார், திரும்ப ஏறுவார். சோழவந்தானிலிருந்து வெற்றிலை ஏற்றி வந்த வண்டிக்காரன் காளையை மறித்து, வண்டிமேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"என்னண்ணே இது? வெத்தலை நசுங்குதுல்ல," என்றான் காளை.

"இரு மாப்ள. வண்டியில போறவன் கண்ணுக்கு எப்படித் தெரியுதுன்னு பார்க்க வேணாமா? நீ சொல்லு, எப்படி இருக்கு?"

"எனக்கு எங்கண்ணே படிக்கத் தெரியும்?"

"படிக்க வேணாம்ப்பா. பாரு. மனசுல நிக்குதா?"

காளை பார்த்தான். "கண்ணை மூடுனாலும் முன்னாடி வந்து நிக்குதுண்ணே," என்றான்.

சத்தியசீலனுக்கு அன்றைக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை.

"வீடு வீடாப் போயி சனங்களைப் பார்க்கணும்ல?" என்று ஜெயக்கொடி ஒருநாள் இழுத்தார்.

"எதுக்குண்ணே வேகாத வெயில்ல அலையுறீங்க? சுவரு பேசும்."

ஜெயக்கொடிக்குக் கனத்த சரீரம். இந்த யோசனை ரொம்பவும் பிடித்துப்போயிற்று. விசிறியை எடுத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தேர்தல் நடந்தது. மருது ஜெயித்தார். ஏதோ கொஞ்ச நஞ்ச வித்தியாசத்தில் இல்லை, மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு அவருக்குத்தான்.

"ஊரு பூராம் என் பேருதானப்பா இருந்துச்சு. எப்படித் தோத்தேன்?" என்று சத்தியசீலனைப் பிடித்துக்கொண்டார் ஜெயக்கொடி. "சுவரு பேசும்னியே, என்னத்தைப் பேசுச்சு?"

சத்தியசீலன் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்கு வந்து தெருப் பெயர் நோட்டை டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினார். அழுகை வந்துவிட்டது.

"எழுத்துல ஏதும் குறையா?" என்று கேட்டாள் மனைவி சகாயமேரி.

"அதுல ஒரு குறையும் இல்ல மேரி. அதான் தாங்கல," என்றார்.

மறுநாள் காலையில் வாசலில் ஜட்கா வண்டி வந்து நின்றது. இறங்கியவர் மருது. சத்தியசீலன் அவசரமாக எழுந்து கும்பிட்டார்.

"அண்ணே, உங்க மேல எனக்கு ஒரு விரோதமும் இல்ல. தொழிலுன்னு எழுதினேன்..."

மருது கையிலிருந்த ரோஜா மாலையை அவர் கழுத்தில் போட்டார்.

"தெரு முக்குக்கு எல்லாம் பேர்ப்பலகை வைக்கப் போறோம் தம்பி. எழுதுறது நீங்கதான். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

சத்தியசீலன் மாலையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு எதுக்குண்ணே மாலை? நான் ஒரு சுவரு விடாம அவரு பேரைத்தானே எழுதினேன்?"

"நல்லாத்தான் எழுதியிருந்தீக. ஆனா அதைப் படிக்கத் தெரிஞ்சவன் நம்ம வார்டுல எத்தனை பேரு தம்பி? அதுக்காகத்தானே சர்க்காரு, நிக்கிற ஆளுக்கு ஒரு கலருன்னு ஓட்டுப் பெட்டி வைக்குது," என்று சிரித்தார் மருது. "சனம் உங்க சுவத்தை நினைச்சுக்கிட்டே உள்ள போயி ஓட்டுப் போட்டிருக்கு. போன வாரம் சீட்டுக் குலுக்கிப் போட்டதுல ஜெயக்கொடிக்கு விழுந்தது பச்சைப் பெட்டி. மஞ்சப் பெட்டி என்னோடது."