ஓடியவர் உடனே நிற்கலாகாது

பணி ஓய்வு பெறும் நாளன்றும் உடற்பயிற்சியியல் பேராசிரியர் தேவசகாயம் ஆய்வுக்கூடத்து ட்ரெட்மில்லில் ஏறி மாணவர்களுக்கு ஓடிக் காட்டினார். ஆண்டுதோறும் அவர் நடத்தும் பாடந்தான். ஓடியவர் சட்டென்று நின்றால் இரத்தம் கால்களிலேயே தேங்கி மயக்கம் வரும். ஆகையால் வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, நடந்து, அதன் பின்னரே நிற்க வேண்டும்.

ஓட்டம் தணிந்து நடையாயிற்று. கால்கள் இரும்பாய்க் கனத்தன. நாளை இவ்வறையின் சாவி வேறொருவர் கையில் இருக்கும். விடிந்ததும் எங்கே போவது என்பது மட்டும் அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

“சார், கீழ விழா மேடையில மாலை வாடுதாம். பிரின்சிபால் மறுபடியும் ஆள் அனுப்பிட்டாரு,” என்றாள் வேகப் பொத்தானருகே நின்ற மாணவி இசக்கியம்மாள்.

“மாலைக்குப் பயந்துல்லா சார் ஓடுதாரு!” என்றான் பின்னாலிருந்து ஒருவன். வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார்.

“நிறுத்திரட்டுமா சார்?”

அவர் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார்.

“நிறுத்தாதேம்மா. இன்னுங் கொஞ்சம் குறை.”

அவள் குறைத்தாள். பட்டை எறும்பு ஊர்வதுபோல் நகர்ந்தது.

“இன்னுங் கொஞ்சம்.”

“இதுக்கு மேல குறையாது சார்,” என்றாள் அவள், மெல்லிய குரலில்.

வகுப்பில் இப்போது எவரும் சிரிக்கவில்லை. அவர் நடந்துகொண்டே இருந்தார்.