லைட்டைப் போடாதே!

தட்... தட்... தட்!

யாரோ கதவை உள்ளங்கையால் அறைகிற சத்தம். கணவருக்கு அன்று நைட் ஷிஃப்ட். தூக்கக் கலக்கத்தில் குழந்தையை வாரி இடுப்பில் போட்டுக்கொண்டு போய்த் திறந்துவிட்டேன்.

படிக்கட்டு விளக்கடியில் ஒருவன். தோளில் மூட்டை.

என் கை ஸ்விட்சுக்குப் போனது.

"லைட்டைப் போடாதே!" என்று சீறினான்.

அலறினேன். மாடியிலிருந்து ஆட்கள் இறங்கிவர, மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினான். எதிர்வீட்டு அக்காவின் நகைகள் அத்தனையும் அதில். எல்லாரும் அவன் பின்னால் ஓட, நான் வீட்டுக்குள் ஓடினேன்.

"மூஞ்சி தெரியக் கூடாதுன்னு லைட்டைப் போட விடல. பலே கேடி!" என்றார் இன்ஸ்பெக்டர், நாலு நாள் கழித்து ஸ்டேஷனில். "மத்தவங்க அவன் முதுகைத்தான் பாத்திருக்காங்க. நீங்கதாம்மா ஒரே சாட்சி. நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"இவ கான்வென்ட்ல படிச்சவ சார். பொய்யே வராது" என்றார் கணவர் பெருமையாக.

வரிசையாக ஆறு பேர். ஒவ்வொரு முகமாகப் பார்த்து, கடைசி ஆளைக் காட்டினேன்.

"ஐயோ அம்மா! நான் டீக்கடைங்க! இப்பத்தானே வாசல்ல உங்களுக்கு டீ குடுத்தேன்!"

இன்ஸ்பெக்டர் தலையில் கைவைத்தார். "ஆள் பத்தலைன்னு அவரை நிக்க வெச்சோம்மா. பயத்துல, கடைசியாப் பாத்த முகம்தான் உங்க மனசுல நின்னிருக்கு. வேற சாட்சியும் இல்ல. பிடிச்சவனை விட்டுத்தான் ஆகணும்."

வெளியே வந்தோம். பிடித்து வைத்திருந்தவனையும் விட்டுவிட்டார்கள்; எதிரில் வந்து நின்றான்.

"பாப்பா நல்லா இருக்கா?"

அவன் போய்விட்டான்.

கணவர் வெளிறிப் போனார். "குழந்தையைச் சொல்லி மிரட்டுறான்டி! நம்ம வீடும் அவனுக்குத் தெரியும். ஒரு மூஞ்சியை ஞாபகம் வெச்சுக்க உனக்குத் துப்பில்ல!"

இரவு படுக்கையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். "கதவைத் தாழ் போட்டியா?"

நான் சமையலறையில் இருந்தேன். கேஸ் சிலிண்டரை மூடி, குனிந்து மோந்து பார்த்தேன். மறுபடி ஒருமுறை.

"அங்க என்னடி பண்ற? முதல்ல கதவு!"

"ஏங்க... அன்னிக்குப் பால் பொங்கி அடுப்பு அணைஞ்சிருக்கு. நான் அசந்து தூங்கிட்டேன். வீடு பூரா கேஸ். வாடை வந்துதான் அவன் கதவைத் தட்டினான். லைட்டை மட்டும் போட்டிருந்தேன்னா..."

அவர் குழந்தையைப் பார்த்தார்.

"அப்ப... அவன் மூஞ்சி உனக்கு..."

"சாகுறவரைக்கும் மறக்காதுங்க."

சொல்லிவிட்டுப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன்.