டைரியில் ஒரு புகார்

“உங்க பொண்ணு இன்னிக்கு வகுப்புல வாயே மூடலைம்மா. பக்கத்துல இருக்கற பொண்ணோட ஒரே பேச்சு!” என்று பொரிந்து தள்ளினார் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த ஆசிரியை.

“சத்தமாவா பேசினா?” அம்மாவின் முகம் மலர்ந்தது.

“கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு!”

“இதை அப்படியே டைரில எழுதிக் கொடுங்க மிஸ், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“நல்லாத்தான் செல்லம் கொடுக்கறீங்க!” கடுகடுத்தபடியே எழுதிக் கொடுத்தார் ஆசிரியை.

டைரியோடு அம்மா நேராகப் போய் நின்றது மனநல மருத்துவரின் அறையில்.

வீட்டில் வாயாடியான மகள், பள்ளிக்குள் நுழைந்தால் பயத்தில் ஒரு வார்த்தை பேசமாட்டாள். இரண்டு வருடச் சிகிச்சைக்குப் பிறகு இன்றுதான் அங்கே வாய் திறந்திருக்கிறாள்.

புகாரை இரண்டு முறை படித்த டாக்டர் பேனாவைத் திறந்தார்.

“பெற்றோர் கையெழுத்துக்குப் பக்கத்துல நானும் ஒண்ணு போட்டுக்கட்டுமாம்மா?”