வெறும் போர்வை

பொது சுகாதாரப் பயிற்சிக்கு நான் வெளிநாடு போனபோது வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. பெரிதாக என்னவோ செய்யப் போகிறோம் என்று நினைத்துப் போனேன். கிடைத்தது கைக்குழந்தைகளை எடை போடும் வேலை. சாயங்காலத்துக்குள் இடுப்பு கழன்றுவிடும்.

வாரா வாரம் வரிசையின் கடைசியில் ஒரு பெண் வருவாள். சுருட்டிய போர்வை ஒன்றைப் பதமாகத் தராசில் வைப்பாள். உள்ளே ஒன்றும் இருக்காது. ஆனால் முள் நகர்ந்து ஓர் எடையில் போய் நிற்கும்.

முதல் தடவை அது மூன்றரைக் கிலோ காட்டியதும் பெரிய நர்ஸிடம் ஓடினேன்.

"மிஷின மாத்தியும் பாத்தாச்சு," என்றார், தலை நிமிராமல். "எழுதிட்டு வேலையப் பாரும்மா."

அதற்குமேல் கேட்க எனக்கும் தெம்பில்லை. எழுதினேன். அடுத்தடுத்த வாரங்களில் எடை குறைந்துகொண்டே வந்தது. அவள் கன்னமும் ஒட்டிப்போனது.

"இந்த வாரமாவது ஏறியிருக்கா சிஸ்டர்?"

"இல்லம்மா."

"வாய் வச்ச உடனே தூங்கிடுது. நான் என்னதான் பண்றது?"

அழுதுவிடுவாள் போலிருந்தது. மற்ற தாய்மார்களுக்குச் சொல்வதையே அவளுக்கும் சொன்னேன்.

"உள்ளங்கால லேசா சுரண்டி விடுங்க, முழிச்சுக்கும். அப்புறம் குடுங்க."

அடுத்த வாரம் எடை ஏறியிருந்தது. நான் சொல்வதற்குள் அவளே முள்ளைப் பார்த்துவிட்டாள். போர்வையைத் தோளில் சாய்த்து மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

"இப்பதான் கண்ணசந்துச்சு சிஸ்டர்," என்று கிசுகிசுத்தாள்.

காலையிலிருந்து எல்லோரிடமும் கத்திக்கொண்டிருந்த பெரிய நர்ஸ், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு எங்களைக் கடந்து போனார்.